தாயம் விழும்வரை பேசாத கிளி

1974-ம் வருஷம், மே மாதம். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்பக்கம் ஒரு குறுகலான தெருவில், ஐந்து போர்ஷன்கள் வரிசையாக இருந்த நீள வீட்டில் குடியிருந்தோம். எங்களுடையது மூன்றாவது போர்ஷன். எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, இரண்டு மாத விடுமுறையை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார்; காலையில் போனால் கடை அடைத்த பிறகுதான் வருவார். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வெயிலில் வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போர்ஷன்களுக்கு முன்னால் ஒரு நீளமான நடை இருந்தது. மேலே ஓடு போட்டிருக்கும், சிமெண்ட் தரை நாள் முழுக்க ஜில்லென்று இருக்கும். அந்த நடையில்தான் அந்த விளையாட்டை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

தரையில் சாக்பீஸால் ஒரு நாட்டை வரைவேன். காடு, ஆறு, மலை, ஏழு கோட்டைகள். ஏழாவது கோட்டையில் ஒரு ராஜகுமாரி அடைபட்டிருப்பாள். விளையாட வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கதை சொல்வேன். “ஆத்தங்கரைக்கு வந்துட்டீங்க. ஓடம் இல்ல. தண்ணிக்குள்ள முதலை இருக்கு. என்ன பண்ணப் போறீங்க?” என்று நிறுத்துவேன். நீந்துவேன் என்பான் ஒருவன், மரத்தை வெட்டிப் போட்டுக் கடப்பேன் என்பான் இன்னொருவன். அது நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிப்போம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும், நான்காவது பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டையும் சேர்த்து உருட்டி, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்தால் அது தாயம். சுலபத்தில் விழாது. அதனால் என் கதையில் பெரிய காரியங்களுக்கெல்லாம் தாயம்தான் வேண்டும் என்று வைத்திருந்தேன். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே கட்டை உருண்டு போனால் அந்த ஆட்டம் செல்லாது. மற்ற சட்டங்களை எல்லாம் அவ்வப்போது என் இஷ்டத்துக்குப் போடுவேன்.

முதல் போர்ஷன் அண்ணன் தம்பி இரண்டு பேர் விளையாட வந்தார்கள். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவனுக்குப் பத்து. பெரியவன் மல்லன், சின்னவன் திருடன். மூன்றாவதாக வந்தவள்தான் இந்தக் கதைக்கு உரியவள். கடைசி போர்ஷன் பெண் குழந்தை. ஆறு வயது. அவள் அப்பா வடபழனி பஸ் டிப்போவில் மெக்கானிக், அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை அந்தக் குழந்தைக்கு வாய் ஓயாது. குழாயடியில், வாசலில், யார் வீட்டு அடுப்படியிலாவது, எங்கே பார்த்தாலும் அவள் குரல்தான். வீடு முழுக்க அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம்.

“கொஞ்சம் இத்தையும் சேத்துக்கம்மா. மிஷின்ல குந்த விடமாட்டேங்குது” என்று அவள் அம்மா கேட்டபோது எனக்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். குட்டிப் பாப்பாவோடு என்ன விளையாட்டு என்று பெரியவன் முணுமுணுத்தான். நான் அவளை ராஜகுமாரியின் கிளியாக்கினேன். கோட்டையிலிருந்து தப்பி வந்து மற்றவர்களுக்கு வழி காட்டும் கிளி. வாயாடிக்கு ஏற்ற வேஷம் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் கிளியாகவே ஆகிவிட்டாள். சாப்பாட்டில் மிளகாயைப் பொறுக்கிக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு தண்ணீர் குடிப்பாள். இரண்டாவது கோட்டையில் யானை ஒன்று பள்ளத்தில் விழுந்து செத்துப்போனதாக நான் சொன்ன அன்று, அண்ணன் தம்பி இருவரும் தந்தம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து போய் குழாயடியில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. பையன்கள் பாதிக் கதையில் கொட்டாவி விடுவார்கள். அவள் கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கண்கள் இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு கோட்டையையும் முந்தியதைவிடப் பயங்கரமாக்கினேன்.

ஐந்தாவது கோட்டைக்கு வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். அங்கே ஒரு சூனியக்காரியின் தோட்டம். அதற்குள் பேசியவர்கள் கல்லாகிவிடுவார்கள். வாயாடியை அரை மணி நேரமாவது சும்மா இருக்க வைக்கலாம் என்றுதான் அப்படி வைத்தேன். தோட்டத்துக்குள் நுழைந்த மறு நிமிஷமே கிளி, “அக்கா, அங்க மாங்கா இருக்குமா?” என்று கேட்டுவிட்டது.

“போச்சு. கிளி கல்லாயிடுச்சு. தாயம் விழுந்தாத்தான் இனிமே உயிர் வரும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றேன்.

“பேசினா இன்னா ஆவும்?” என்றான் சின்னவன்.

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “பேசினா, அவ யார் மேலெல்லாம் ஆசை வச்சிருக்காளோ அவங்கல்லாம் கல்லாயிடுவாங்க” என்றேன். அதோடு விட்டேனா? சூனியக்காரி நமக்குத் தெரிந்தவர்கள் முகத்தோடு வருவாள், எல்லாம் சும்மா விளையாட்டுதான் பேசு பேசு என்று கெஞ்சுவாள், நம்பிவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். குழந்தை இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள்.

மல்லன் கட்டையை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். உருட்டவில்லை. அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

“ஏட்டி, விளக்கு வைக்கிற நேரத்துல தாயம் உருட்டுதியளே, குடும்பம் வெளங்குமா?” என்று கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். அம்மாவுக்கு வைகுண்ட ஏகாதசி ஒரு நாள்தான் தாயத்துக்கு உரிய நாள். மற்ற நாளில் எங்களை விளையாட விட்டதே பெரிய விஷயம். விளக்கு வைக்கும் நேரம் என்றால் தொடவே விடமாட்டாள். பையன்கள் எழுந்து ஓடினார்கள். நான் தோசை சாப்பிடப் போனேன். கல்லான கிளியை அடியோடு மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் குழாயடி அமைதியாக இருந்தது. குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தார்கள். அவள் அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள், மிளகுக் கஷாயம் கொடுத்தாள். தெருமுனை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை, எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்றார். மத்தியானம் மசூதிக்குத் தூக்கிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை அல்லவா, அதனால்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அன்று மூன்று மணிக்கு, வழக்கம்போல் நான் சாக்பீஸோடு நடைக்கு வந்தேன். கடைசி போர்ஷன் சுவர் ஓரமாக, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். “ஏய், இது இன்னும் கல்லாவே கீதுடா” என்றான்.

சாக்பீஸைக் கீழே போட்டேன். ஓடிப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து, விளையாட்டு நேற்றே முடிந்துவிட்டது, பேசலாம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். சூனியக்காரி என்று ஒருத்தியே கிடையாது, எல்லாம் நான் சும்மா சொன்னது என்றேன். அவள் கண்களில் பயம் கூடியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: தெரிந்த முகத்தோடு வந்து, சும்மா விளையாட்டுதான் பேசு என்று கெஞ்சுகிறவள் யார் என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். குழந்தை என் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, தையல் மிஷினில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களால் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதே அம்மாவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கட்டைகளை வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா தோலை உரித்துவிடுவாள் என்ற பயம். அதைவிட, கடைசி போர்ஷன்காரரிடம் பயம். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், கை இரண்டும் கிரீஸ் ஏறி எப்போதும் கருத்திருக்கும், அதிகம் பேசமாட்டார். தானாகவே சரியாகிவிடும், சாயங்காலத்துக்குள் பேசிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் போயிற்று. அவள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அவள் அம்மா எங்கள் வாசலில் நின்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “துணிய பல்லுல கடிச்சுக்கினே தூங்குதுக்கா. புடுங்கினா முழிச்சுக்கினு மறுபடி கடிச்சுக்குது. வலிப்பு கிலிப்பா இருக்குமோன்னு பயமா கீது. இவரு லீவு போட்டுட்டாரு. எழும்பூர் கொழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம்.” சொல்லும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது வலிப்பு இல்லை. தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து துணியைக் கடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். ஆறு வயசுக் குழந்தை. இது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது.

மாம்பலம் ஸ்டேஷன் வரை போக சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. கடைசி போர்ஷன்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வாசலுக்கு வந்துவிட்டார். நான் ஓடிப் போய்க் குறுக்கே நின்றேன். எப்படிச் சொன்னேன், எதை முதலில் சொன்னேன் என்று நினைவில்லை. அழுகையும் மூக்கொழுகலுமாகக் கோட்டை, தோட்டம், கல், தாயம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பின்னாலிருந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டாவது அடி விழுவதற்குள் அவர் தடுத்துவிட்டார்.

“இரு அக்கா, அத்த அடிக்காதே” என்றவர், என்னைப் பார்த்து, “உன் கதையில இதுக்கு இன்னா வழி கீது?” என்றார்.

“தாயம் விழணும்” என்றேன்.

அவர் ரிக்‌ஷாக்காரரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு நடையில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்தார். குழந்தையை எதிரே உட்கார வைத்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா” என்றாள். நான் சாக்பீஸால் தோட்டத்தை வரைந்தேன். கோடு நேராகவே வரவில்லை.

“விட்ட எடத்துலேர்ந்து சொல்லு” என்றார்.

அத்தனை பேர் முன்னால், அடி வாங்கிய முதுகோடு, நான் கதை சொன்னேன். தோட்டத்தில் கிளி கல்லாக இருக்கிறது, அதைத் தேடி அதன் அப்பா வந்திருக்கிறார் என்றேன். குழந்தையின் தலை லேசாக நிமிர்ந்தது. அவர் கட்டைகளைத் தேய்த்து உருட்டினார். நான்கு. மறுபடி மூன்று. மறுபடி ஐந்து. பத்து தடவை உருட்டியிருப்பார், தாயம் விழவில்லை. அவருடைய மனைவி வாங்கி உருட்டினாள். விழவில்லை. பையன்கள் உருட்டினார்கள். “நானும் ஒரு தபா போட்டுப் பாக்கறேன் நைனா” என்று ரிக்‌ஷாக்காரர்கூட வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அம்மா பொறுக்க மாட்டாமல், “தள்ளுங்க, நான் உருட்டுதேன்” என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு விழுந்தது, ஆறு விழுந்தது, திரும்பவும் பன்னிரண்டு விழுந்தது. ஏகாதசி ஆட்டத்தில் அப்படி விழுந்திருந்தால் அம்மாவைக் கையில் பிடித்திருக்க முடியாது. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“தாயம் விழுந்திருச்சுன்னு சொல்லிடலாம் மாமா” என்று பெரியவன் அவர் காதில் கிசுகிசுத்தான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “அது புள்ளி எண்ணிக்கினு கீதுடா” என்றார். உண்மைதான். ஒவ்வொரு தடவையும் குழந்தையின் பார்வை கட்டைகளோடு உருண்டு, நின்று, எண்ணியது.

திரும்ப அவள் அம்மா முறை. வேகமாக உருட்டியதில் ஒரு கட்டை தெறித்து, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. கோட்டுக்குள் கிடந்த கட்டையில் ஒரு புள்ளி. எல்லோரும் எழுந்து ஓடிப் பார்த்தோம். வெளியே போன கட்டையில் வெறும் பக்கம்.

தாயம். ஆனால் கட்டை வெளியே போயிருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கும் சொல்லிவிடத்தான் துடித்தது. குழந்தையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டை எத்தனை தடவை வெளியே போனபோது செல்லாது என்று நான் அதட்டியிருக்கிறேன்.

“செல்லாது” என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ரிக்‌ஷாக்காரர், “இன்னாம்மே நீ” என்று அலுத்துக்கொண்டார். குழந்தை மட்டும் ஒரே ஒரு தடவை, மெதுவாகத் தலையசைத்தாள். இரண்டு நாளில் அவள் என்னை நம்பியது அப்போதுதான்.

“அது சொல்றதுதான் கரீட்டு. திரும்பப் போடு” என்றார் அவள் அப்பா, மனைவியிடம்.

அதற்குப் பிறகும் ஏழெட்டு தடவை உருட்ட வேண்டியிருந்தது. பிறகு கோட்டுக்குள்ளேயே, நட்டநடுவில், ஒரு புள்ளியும் ஒரு வெறுமையுமாகக் கட்டைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தன. குழந்தை குனிந்து இரண்டையும் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

“யம்மா” என்றாள். குரல் கரகரத்திருந்தது. “நீ கல்லாவலியே?”

அவள் அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். என் அம்மாவை, பையன்களை, நேற்றுவரை பார்த்தே இராத ரிக்‌ஷாக்காரரைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள். என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். “அக்காவும் ஆவல” என்று எல்லோருக்கும் சொன்னாள்.

நான் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, “அப்பால அந்த ராஜகுமாரி இன்னா ஆனா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. தாயக்கட்டைகள் அடுத்த வைகுண்ட ஏகாதசி வரை டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அந்த டிசம்பருக்குள் அவர்களும் டிப்போவுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வருஷம் என் பேரன் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு பெட்டி கொடுத்தார்கள். மேலே நெருப்புக் கக்கும் மிருகம், உள்ளே வரைபடம், வகைவகையான பகடைகள், ஆளுக்கொரு வேஷம், கதை சொல்ல ஒருவர். நான் சாக்பீஸால் வரைந்த அதே விளையாட்டு, வண்ண வண்ணமாக அச்சடித்து வந்திருந்தது. பெட்டியில் போட்டிருந்த வயதுக்குப் பேரனுக்கு இன்னும் இரண்டு வயது குறைச்சல். விளையாட விடலாமா என்று மருமகள் கேட்டாள். கதை சொல்லப்போவது யார் என்று கேட்டேன். மாடி வீட்டுப் பையன், பதின்மூன்று வயது என்றாள். முறுக்குத் தட்டோடு போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டேன். இந்தப் பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவன் பார்த்தான். ஆனாலும் சொன்னான்.

ஆறு வயதில் அவள் எல்லாவற்றையும் நம்பியதில் தப்பே இல்லை. வயது போதாமல் இருந்தது எனக்குத்தான். தான் ஆசை வைத்தவர்களைக் காப்பாற்ற இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்த அந்தக் குழந்தையின் கணக்கில், அவளை அந்த நிலைக்கு ஆளாக்கிய நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் என் முழங்கையை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.